தைத்த இடத்திலேயே திரும்பி வந்தது

ஸ்ரீரங்கம்,
விஷு வருஷம், ஆவணி மாதம் (1941)

ஸ்ரீமான் தேசிகன் அத்திம்பேர் சந்நிதிக்கு அடியேன் சடகோபன் அநேக தண்டன் சமர்ப்பித்து எழுதும் விண்ணப்பம். இங்கு என் குடலைத் தவிர யாவரும் க்ஷேமம். நாக்பூரில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சகல அவயவங்களுடனும் க்ஷேமமாயிருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

போன வருஷம் டாக்டர் அமிர்தசாமி என் குடலில் ஒரு முழத்தை வெட்டியெறிந்து மீதியைச் சேர்த்துத் தைத்ததும், பீடை ஒழிந்ததென்று நான் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் பூகோளம் நடத்தப் போனதும் தங்களுக்குத் தெரியும். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பலாச்சுளை தின்றேன், சாயங்காலத்துக்குள் வயிறு முறுக்கி, வாந்தியெடுத்து, கடைசியில் சின்னையாவின் ஜட்காவில் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. வண்டி ஒவ்வொரு முறை தூக்கிப்போடும்போதும் சின்னையா திரும்பி, "சாமி, இருக்கீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்லவேண்டுமே என்பதற்காகவே உயிரோடிருந்தேன்.

அங்கே சுண்ணாம்புக் குழம்பு போல ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அத்திம்பேர், எத்தனையோ வருஷமாகப் பையன்களுக்கு ஆறு வரையக் கற்றுக்கொடுத்த நான், எனக்குள் ஓடும் ஆற்றை அன்றுதான் பார்த்தேன். எத்தனை வளைவு, எவ்வளவு ஒழுங்கு! வலியை மறந்து கை கூப்பிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் அது நூலாகச் சிறுத்திருந்தது.

"தச்ச இடந்தாங்க. அங்கேயே திரும்ப வந்திருக்கு" என்றார் டாக்டர். "குடல் வீங்கிச் சுருங்கிப்போற இந்த வியாதிக்குக் குரோன்னு ஒரு சீமை டாக்டர் பேரைச் சொல்றாங்க. பலாப்பழத்து மேல பழி போடாதீங்க. அது இல்லாட்டியும் வந்திருக்கும்."

என் அகத்துக்காரி வேதவதி முன்னால் வந்து, "மறுபடி வெட்டினா போயிடுமா?" என்று கேட்டாள்.

"போனாலும் வரலாம்மா. அடைச்சுக்கிட்டா வெட்டித்தான் ஆகணும். அதுவரைக்கும் ஓய்வு, குழைஞ்ச சாதம். நார், விதை எதுவும் கூடாது."

"வந்தா வரட்டும். சாதத்தை எவ்வளவு குழைக்கணும், அதைச் சொல்லுங்கோ."

அழுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று முதல் எல்லாவற்றையும் மசித்து, துணியில் வடிகட்டித்தான் போடுகிறாள். சப்பென்றிருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. வலி அடங்கிவிட்டது, உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது. நேற்று வடக்குச் சித்திரை வீதிவரை நடந்தேன். மறுபடி வரும் என்று தெரிந்தும் பயமென்பதே இல்லை. ஆகவே தாங்கள் லீவு போட்டு வரவேண்டியதில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். நம்பெருமாள் கடாக்ஷம் தங்கள் கிருஹத்தில் என்றும் குறையாதிருக்கட்டும்.

தாஸன்,
சடகோபன்

பி.கு.: இதை வேதவதி வாசித்துவிட்டு, "அத்திம்பேர் எப்போ வருவார்னு தினமும் மத்தியானம் மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிண்டு கேக்கறது யாராம்?" என்கிறாள். ஆகவே மேலே கண்டதை விட்டுவிடவும். பயமாகத்தான் இருக்கிறது. கிடைக்கிற வண்டியில் புறப்பட்டு வரவும். அக்காவிடம் மாவடு கொண்டுவர வேண்டாமென்று சொல்லவும். வீட்டில் இருக்கிறதென்று தெரிந்தால் தின்றுவிடுவேன்.