புள்ளியைத் தின்ற ஓணான்

ஒரு காட்டில் ஓர் ஓணான் இருந்தது. காடு பெரிது, ஓணான் சிறிது. வாயை அளந்தால் மட்டும் கணக்கு தலைகீழாகும். பெயர் வேலியப்பன். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே போன முள்வேலியின் மூன்றாவது கல்தூணில் காலையில் ஏறி உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை இறங்க மாட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. சூரியனைக் கவனித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார்.

அது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரிக் குப்பையிலிருந்து பறந்து வந்து வேலியில் மாட்டிக்கொண்ட எக்ஸ்ரே படம் ஒன்று அவரிடம் இருந்தது. யாரோ ஓர் இருமல்காரரின் நெஞ்சு. இரண்டு விலா எலும்புக்கு நடுவே இருந்த கருப்பு வழியாக ஒரு கண்ணால் சூரியனைப் பார்ப்பார். ஓணானுக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும் அல்லவா, மறு கண் எப்போதும் எறும்பின்மேல் இருக்கும். விஞ்ஞானமும் சாப்பாடும் ஒரே நேரத்தில் நடந்த ஆராய்ச்சி நிலையம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான்.

அம்மை போட்ட மாதிரி சூரியன் முகத்தில் கரும்புள்ளிகள் வரும், போகும். பதினோரு வருஷத்துக்கு ஒரு சுற்று. புள்ளி நிறைய இருக்கும்போது சூரியனுக்குக் கொஞ்சம் துடிப்பு அதிகம், குறையும்போது கொஞ்சம் அசதி. வேலியப்பனின் முன்னோர்கள் தூணில் கீறி வைத்ததைப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்தின சுற்றைவிட மெலிந்துகொண்டே வந்தது. மெலிவு நிஜம்தான். அதிலிருந்து வேலியப்பன் ஒரே தாவில் எங்கே போய் விழுந்தார் என்பதுதான் கதை.

அந்தக் காட்டில் வருஷத்துக்கு வருஷம் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். கரடி சடையாண்டியின் கரிமூட்டங்கள். விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பை வைத்து நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பது அவன் தொழில். அந்தப் புகை காட்டின்மேல் கம்பளி போர்த்தியதுபோலப் படுத்துக் கிடந்தது, சூடு மேலே போக வழியில்லை. சடையாண்டியை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. கரி எல்லோருக்கும் வேண்டியிருந்தது. முயல்களுக்குக் காது விறைப்பாக நிற்கத் தினமும் இஸ்திரி போட வேண்டும், மயில்களுக்குத் தோகை, நரிக்கு வால். முன்பெல்லாம் காது தானாகவே நின்றதே என்று கேட்ட ஒரு கிழட்டு முயலை நாகரிகம் தெரியாதவர் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

வெக்கையில் காட்டின் ஒரே குட்டை சுண்டிக்கொண்டே வந்தது. அதில் குடியிருந்தவள் ஆமை அங்கம்மா. வயது நூற்றுப் பத்து, ஆமைக்கு அது அக்கா வயதுதான். குட்டை போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. "முதுகுல இருக்கறது வீடு இல்லப்பா, வெறும் கூரை. வீடு தண்ணிதான்" என்பாள். அவள் நடையாக நடந்து, தை மாதம் காட்டுச் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். கரிமூட்டங்களை மூட வேண்டும், எல்லோரும் சேர்ந்து குட்டையை யானை ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்.

மூட்டத்தை மூடுவது சடையாண்டிக்குப் பிடிக்கவில்லை. தோண்டுவது யாருக்குமே பிடிக்கவில்லை. தோண்டுவதற்கென்றே பிறந்த பன்றிகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் வேலியப்பன் தொண்டையைச் செருமி, சூரியன் அசந்துவருகிற சங்கதியைச் சொன்னார். மேலே அடுப்பே அணையப்போகிறது, கீழே இருக்கிற சட்டியை எதற்கு இறக்க வேண்டும் என்று கேட்டார். சபைக்கு அந்தப் பேச்சு இளநீர் குடித்தது போல இருந்தது. இருந்தாலும் அங்கம்மா விடவில்லை. எவ்வளவு அசரும், எவ்வளவு குறையும், எண்ணாகச் சொல்லு என்றாள்.

வேலியப்பனிடம் எண் இல்லை. வாய்தான் இருந்தது.

வடக்கேயிருந்து வலசை வந்திருந்த நாரையம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவளிடம் கேட்டுவரும்படி சபைத்தலைவர் யானை வேலியப்பனையே அனுப்பினார். சும்மா கேட்க முடியுமா? நிபுணர் கருத்துக் கோரும் படிவம் இருக்கிறது. தேக்கிலையில் மூன்று பிரதி. விண்ணப்பதாரர் முட்டையிடுபவரா, குட்டி போடுபவரா என்று ஒரு கேள்வி. இரண்டுமில்லை, ஆண் என்று எழுத அதில் இடமில்லை. படிவம் கொடுக்கும் குரங்கின் முன்னால் வரிசை. வேலியப்பனுக்கு முன்னால் ஒரு நண்டு, தான் நேராக நடப்பதாகச் சான்றிதழ் வாங்க வந்தது. நடந்து காட்டச் சொன்னார்கள். நண்டு நடந்து நடந்து வரிசையைவிட்டே வெளியே போய்விட்டது, திரும்பி வந்து மறுபடி முன்னால் நின்றது. இப்படியே உச்சிப்பொழுது ஆனது. அதுவரை வேலியப்பன் வயிற்றில் ஓர் எறும்புகூடப் போகவில்லை.

நாரையம்மா ஒற்றைக்காலில் நின்றபடி படிவத்தைப் படித்தாள். கடுக்காய் மையில் அலகைத் தோய்த்துப் பதில் எழுதினாள். அலகே பேனா ஆனதால் எழுதும்போது பேச முடியாது. எழுதி முடித்ததும் காற்று திரும்பிவிட்டது என்று சிறகை விரித்துப் போயே போய்விட்டாள். வலசை போகிற சாதி, யாருக்காகவும் காத்திருக்காது.

இலையில் இரண்டே வரி.

சூரியன் அசந்தால் குறையும் வெப்பம்: 0.3, அதுவும் தாராளமாகச் சொன்னால்.
கரிப்புகையால் கூடும் வெப்பம்: 3.

வேலியப்பன் இரண்டு கண்ணாலும் படித்தார். புள்ளி மூன்று. மூன்றின் பத்தில் ஒரு பங்கு. முன்னோர்கள் கீறிய கீறல் எல்லாம், விலா எலும்பு வழியாகப் பார்த்த பார்வை எல்லாம், கடைசியில் கொதிக்கிற அண்டாவில் ஒரு சொட்டுப் பச்சைத்தண்ணீர். சபையில் எழுந்து நின்று இதைத் தன் வாயாலேயே படிக்க வேண்டும். தலை கிறுகிறுத்தது. சைபருக்கும் மூன்றுக்கும் நடுவே அந்த மை இன்னும் ஈரமாக, கறுப்பாக, பளபளவென்று, சின்னதாக இருந்தது. கொஞ்சம் அசைந்ததுபோலவும் இருந்தது.

சடக்.

எறும்பு என்று நினைத்து நாக்கு செய்த காரியம் அது, தனக்குச் சம்பந்தமில்லை என்று வேலியப்பன் பிற்காலத்தில் தனக்குத்தானே சாதித்ததுண்டு. அந்த நாக்கு பசிக்கு நீண்டதா, பயத்துக்கு நீண்டதா என்று நாக்குக்கே தெரியாது. வாயெல்லாம் துவர்த்தது. இலையில் இப்போது 03 என்று இருந்தது.

சபையில் படித்தார். சூரியன் குறைப்பது மூன்று. புகை கூட்டுவது மூன்று. சரிக்குச் சரி.

யானை இரண்டு தரம் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒன்றும் மிஞ்சவில்லை என்று அறிவித்தார். முயல்கள் காதைத் தட்டிக்கொண்டன. சடையாண்டி வேலியப்பனை உள்ளங்கையில் தூக்கி வைத்துக்கொண்டு, அண்ணனைப் போல ஒரு மேதை உண்டா என்றான். சரிக்கட்டுவதற்குச் சூரியன் இருக்கிறது என்ற தைரியத்தில் அன்று சாயங்காலமே இன்னும் ஏழு மூட்டம் போட்டான்.

அங்கம்மா இலையருகே வந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் கேட்டாள்.

"வேலியப்பா, சைபரை எதுக்கு முன்னாடி போட்டா நாரை? அதுக்கும் மூணுக்கும் நடுவுல எதுவோ இருந்த மாதிரி இடம் விட்டிருக்கே. இருந்துச்சா?"

வேலியப்பனுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக. ஆமாம் என்று தலையாட்டினார். மனசார, மூன்று முறை ஆட்டினார்.

"பாத்தீங்களா, ஆட்டுறான்" என்றாள் அங்கம்மா.

சபையே சிரித்தது. "ஓணான் எதுக்குத்தான் தலையாட்டாது அக்கா? நீங்க நாளைக்கு மழை வருமான்னு கேளுங்க, அதுக்கும் ஆட்டுவாரு" என்றான் சடையாண்டி. யானையும் அதை ஆமோதித்து, ஓணானின் தலையாட்டலைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்று குறிப்பில் ஏற்றச் சொன்னார். சிவந்த கழுத்தைப் பார்த்தவர்கள் பெருமையில் பூரித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் கோடையில் குட்டை முழங்கால் அளவானது. சூரியன் இப்போதுதான் அசர ஆரம்பித்திருக்கிறது, பொறுங்கள் என்றார் வேலியப்பன். இரண்டாம் கோடையில் கணுக்கால். சூரியன் அசந்துதான் இருந்தது, பாவம், சொன்ன சொல் தவறாமல் தன் புள்ளி மூன்றைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தது. நாரையம்மா வந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தண்ணீர் இல்லாத காட்டுக்கு நாரை எதற்கு வரும்? மூன்றாம் கோடையின் கத்திரியில் குட்டை பாளம் பாளமாக வெடித்தது. சபை அவசரமாகக் கூடியது. மூன்று தருவதாக எழுதிக் கொடுத்து ஏமாற்றிய சூரியனைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. சூரியனை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

அன்று அங்கம்மா வேலிக்கு அடியில் வந்தாள். பக்கத்துக் காட்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டாள். வேலியப்பன் தூணைவிட்டு இறங்கினார். வெயில் நேரத்தில், யாரும் கூப்பிடாமல், யாரும் அனுப்பாமல் அவர் தானாக இறங்கியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, நடுவுல ஒரு புள்ளி இருந்துச்சு. நான் தின்னுட்டேன்."

"தெரியும்ப்பா. அன்னைக்கே உன் நாக்கு கருகருன்னு இருந்துச்சு."

"அப்பவே சபையில சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னேனே. ஆமை சொல்றது ஆமை வேகத்துலதானே வரும். நான் பாதி வாக்கியத்துல இருக்கும்போதே சிரிச்சுட்டு எல்லாரும் இஸ்திரி போடப் போயிட்டாங்க."

ஏரிக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டார். மழைக்கு முன்னால் போய்விடுவேன் என்றாள். எந்த வருஷத்து மழை என்று மட்டும் கேட்காதே என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் வேலியின் அடுத்த தூணைத் தாண்டவே வெகுநேரமானது. அத்தனை நேரமும் வேலியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார், இரண்டு கண்ணாலும். காலடியில் எறும்பு வரிசை போனது. தொடவில்லை.

மறுநாள், குழுத்தலைவர் ஆனதற்காக வேலியப்பனுக்குப் பாராட்டு விழா. அவ்வளவு கூட்டம் உட்காரத் தோதான சமதளம் காட்டில் ஒன்றுதான் இருந்தது. குட்டையின் தரை. அங்கம்மா குடியிருந்த மூலையில் மேடை போட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வேலியப்பன் ஏறினார். மைக்கைப் பிடித்து, "நான் ஒரு புள்ளியை..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு புள்ளியா? அண்ணன் பெரும்புள்ளி!" என்று சடையாண்டி கீழேயிருந்து குரல் கொடுத்தான். குட்டையின் தரை அதிரக் கைதட்டல். யானை அந்த இடத்திலேயே அதைப் பட்டமாக அறிவித்து, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

வேலியப்பன் தலையாட்டினார்.

நீதி: பெரும்புள்ளி ஆக வேண்டுமென்றால், முதலில் ஒரு சிறு புள்ளியை விழுங்கப் பழக வேண்டும்.