குளிர் அறைக்காரன் கட்டிய கூரை

சுவிஸில் துன் நகர் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் இருபது வருடம் நின்றவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேன். (இந்த வியாதிக்கு இன்னும் மருந்து இல்லை.)

மலைச்சரிவில் ஒரு பழைய மர வீடு வாங்கினோம். அதன் மாடியில் அப்படியொரு குளிர். என் மனைவி சுகந்தி ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"பிள்ளைக்கு மூச்சு இழுப்பு இருக்கு. ஈரம், பூஞ்சணம் எண்டு ஏதும் கண்டனோ, அவளைக் கூட்டிக்கொண்டு அண்ணை வீட்டை போயிடுவன்."

"நீர் பயப்படாதையும். நான் செய்யிறன்."

ஹோட்டலில் குளிர் அறையைத் திருத்தும்போது பார்த்திருக்கிறேன். குளிர் தடுக்கும் பஞ்சுக்கு வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள் போட்டார்கள். அதையே நானும் செய்தேன். கூரையோடு ஒட்டித் தாள், அதற்குக் கீழே பஞ்சு, கடைசியாகப் பலகை. பக்கத்து வீட்டுத் தச்சர் எட்டிப் பார்த்து, குளிர் அறைக்குச் சூடு வெளியே, வீட்டுக்குச் சூடு உள்ளே, அதனால் வீட்டுக்குத் தாள் உள்பக்கம்தான் வரவேண்டும், இல்லையென்றால் நீராவி பஞ்சுக்குள் புகுந்து தண்ணீராகிவிடும் என்று ஜெர்மனில் பொறுமையாகச் சொன்னார். "யா, யா" என்று தலையாட்டி அனுப்பிவிட்டேன். சுவிஸ்காரன் எனக்குக் குளிர் அறை படிப்பிக்கிறானாம்!

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னல்களைப் பூட்டிக்கொண்டு புட்டும் இடியப்பமும் அவித்தோம். (குழம்பு வாசம் தச்சர் வீட்டுக்குப் போகக்கூடாது என்ற மரியாதை.) அத்தனை ஆவியும் மேலே போய்த் தாளுக்கடியில் பனிக்கட்டியாக உறைந்து காத்திருந்தது எனக்குத் தெரியாது.

மாசியில்தான் ஆற அமரக் குடிபூரல் விருந்து வைத்துப் புதுவீட்டுக்கு உறவினரை அழைத்தோம். ஊஸ்டர் நகரிலிருந்து சுகந்தியின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அன்றைக்கென்று நல்ல வெயில். நல்ல சகுனம் என்று நான்தான் சொன்னேன். மாடியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனின் கோப்பையில் சொட்டு விழுந்தது.

"மச்சான், சொதிக்குத் தண்ணி மேலை இருந்தோ விடுறனியள்?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பலகை பிய்ந்து, ஊறிய பஞ்சு பொத்தென்று என் தலையில் விழுந்தது. பலகையின் மறுபக்கம் கன்னங்கரேலென்று பூஞ்சணம். எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. மகளுக்குக் குளிர்ச்சட்டை போட்டுவிட்டாள்.

"அண்ணை, காரை எடுங்கோ."

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தனியே இருந்தேன். வெட்கத்தை விட்டுத் தச்சரின் கதவைத் தட்டினேன். அவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, தாளை உள்பக்கம் ஒட்டி, என்னிடம் ஒரே வேலைதான் கொடுத்தார்: ஆவி வெளியே போக தினமும் ஜன்னல் திறப்பது. சுகந்தி வந்து ஒவ்வொரு பலகையையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மகளின் பெட்டியை இறக்க விட்டாள்.

இன்றைக்கும் அண்ணன் போனில் முதலில் கேட்பது இதுதான்: "மச்சான், மழை வெளியிலையோ, உள்ளுக்கையோ?"

"வெளியிலைதான்" என்பேன், ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு. என்னை நம்பாமல் சுகந்தியும் பார்ப்பாள்.