கடைசிச் சுற்றில் கோமாளி

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வேகும் ஆவி மூக்கில் ஏறினால் போதும், எனக்குள் ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பிவிடும். ஜன்னலோரம் சொல்தா உட்கார்ந்திருப்பார். திருப்பாதிரிப்புலியூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அவரளவு கௌரவமாகத் தப்பித்துக்கொண்டவர் எவருமில்லை.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இவர் பட்டாளத்தைக் கண்டதே இல்லை. சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் டெஸ்பாட்ச் கிளார்க். புதுச்சேரி மாமனார்தான் நிஜ சொல்தா. அவர் போனபின் பென்ஷன் மாமியாருக்கு, பட்டப்பெயரும் டாரட் சீட்டுக்கட்டும் மருமகனுக்கு. ஜோசியத்துக்கில்லை, ஆடுவதற்கு.

எழுபத்தெட்டுச் சீட்டு. சீசன் டிக்கெட்காரர்கள் நால்வர் முழங்கால்கள்மேல் துண்டை விரித்து ஆடினோம். எங்களில், துருப்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் முன்னூற்றிநாலு ஆட்டத்தில் பழகிய பெருமாள் முதல் நாளே ஒரு சீட்டைத் தொடைக்கடியில் ஒளித்தான்.

"என்னய்யா பண்ற?" என்றார் சொல்தா.

"துருப்ப கவுத்து வைக்கிறேன்."

"இதுல கவுக்கறதுக்கு ஒண்ணுமில்ல மச்சான். இருபத்தோரு துருப்பும் பொறக்கும்போதே துருப்பு. நீ ராஜாவ போட்டாலும் வெட்டிட்டுப் போவும்."

"எங்க ஆபீசர் மாதிரின்னு சொல்லு."

துருப்பும் தொட முடியாத சீட்டு ஒன்றுண்டு, கோமாளி. அதைப் போட்டால் அந்தச் சுற்றை ஜெயிக்க முடியாது. ஆனால் சீட்டு போட்டவரிடமே திரும்பிவிடும். சொல்தா அதைச் சட்டைப்பையில் வைத்து ஆபீசுக்கும் கொண்டுபோனார். ஏன் லேட் என்று மேனேஜர் கேட்டால் மேசைமேல் வைப்பார்.

"இந்தச் சுத்துல நான் இல்ல சார்."

மூன்று மெமோ வந்தன. மூன்றையும் அவரே பதிவேட்டில் ஏற்றி, முறைப்படி தனக்கே அனுப்பிக்கொண்டார்.

அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் நான் சொல்தாவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கடைசி நாள், மாலை ரயிலில், மூவருக்கெதிராக ஒற்றை ஆளாய் ஏலம் எடுத்தேன். முதுநகர் தாண்டியது, அடுத்து இறங்க வேண்டியதுதான். கையில் இரண்டிரண்டு சீட்டு. எனக்குப் புள்ளி குறைகிறது, கோமாளி இன்னும் வரவில்லை. கடைசிச் சுற்றில் இறங்கினால் மட்டும் அது எதிராளிக்குப் போய்விடும். அதனால் கோமாளி கைக்கு வந்தால் சொல்தா எப்போதும் முன்பே இறக்கிவிடுவார். அன்று வேறொன்றைப் போட்டார். பிறகு, கடைசிச் சுற்றில், கோமாளியை, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல், துண்டின்மேல் வைத்தார். கோமாளி என் பக்கம் வந்ததில் புள்ளி நிரம்பி நான் ஜெயித்துவிட்டேன்.

"யோவ் சொல்தா, ரூலு மறந்துடுச்சா?" அவர் கட்சியிலிருந்த பெருமாள் கொதித்தான்.

அவர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

பிளாட்பாரத்தில் சொல்தாவிடம் ஓடிப்போய்ச் சீட்டை நீட்டினேன். "மாமா, கோமாளி எங்கிட்டயே இருக்கு. கட்டு கொறையுதே."

"பஸ்ல கம்பிய புடிக்கவே ரெண்டு கை பத்தாது, எங்க ஆடறது? வச்சுக்க மச்சான். நாளைக்கு நீயும் லேட்டாத்தான் போவ. உங்க மேனேஜர்கிட்ட காட்டு."