சுவருக்கு அளவு கொடுத்தவள்

பழைய காரைப் பிரித்துப் புதிதாய்க் கட்டியவர்களின் கதைகளில் கார் இருக்கும். கட்டிய ஆண் இருப்பான். அவன் தோளில் கைபோட்டபடி ஒரு நண்பன் இருப்பான். சில கதைகளில் அவனுடைய நாய்கூட இருக்கும். தகட்டின் மறுபக்கம் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் மட்டும் இருக்க மாட்டாள். ஆகவே அவளிலிருந்தே தொடங்குகிறேன். அவள் பெயர் வெர்னா ஸ்டக்கி. என் அண்ணன் டெல்மரின் மனைவி. உயரம் ஐந்தடி, அதற்கு மேல் இருந்ததெல்லாம் வாய்.

பொமோனா நகரைச் சுற்றியிருந்த ஆரஞ்சுத் தோப்புகளை வெட்டிவிட்டு வீடுகளை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. உலகப் போர் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு கராஜ், கராஜுக்கு ஒரு பழைய ஃபோர்டு, ஃபோர்டுக்கு ஒரு பைத்தியம். நான் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டு, அண்ணன் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தேன். வசந்தத்தில் ஜன்னலைத் திறந்தால் ஆரஞ்சுப் பூவின் மணம் வரும். அதைத் துரத்திக்கொண்டு வெல்டிங் புகை வரும். இத்தனை காலம் கழித்து இரண்டில் எதற்கு மனம் ஏங்குகிறது என்று கேட்டால், புகைக்குத்தான்.

ஒரு ஞாயிறு காலை, உணவு மேசையிலிருந்து அண்ணன் எழுந்து நின்றான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் எழுந்து நின்றால் அது அறிவிப்பு என்று பொருள்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"முட்டை ஆறுது," என்றாள் வெர்னா.

"காருக்குப் பெரிய எஞ்சின் வைக்கப் போறேன். பழைய தீச்சுவர் அதுக்கு இடம் குடுக்காது. புதுசாக் கட்டப் போறேன். ஒரு ஓட்டை இருக்காது. ஒரு நெளிவு இருக்காது. ஒரு ஆணித்தலை வெளியே தெரியாது. சும்மா வழவழன்னு இருக்கும்."

"உன் பேச்சு மாதிரி."

தீச்சுவர் என்பது எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் முழங்காலுக்கும் நடுவே நிற்கும் எஃகுத் தகடு. பெரிய எஞ்சின் வந்தால் சுவர் பின்வாங்க வேண்டும். சுவர் பின்வாங்கினால், அதன் பின்னாலுள்ள கியர்பெட்டி ஆள் உட்காரும் இடத்துக்குள் மூக்கை நுழைக்கும். அந்த மூக்கின்மேல் கவிழ்க்க ஒரு தகட்டுக் கூடும் வேண்டும். காருக்குள் இடம் என்பது குடும்பத்துக்குள் பேச்சைப் போன்றது. ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு மிஞ்சாது.

"கட்டி முடிச்சதும் நான் ஓட்டலாமா?" என்று கேட்டாள் வெர்னா.

"எங்க, மளிகைக் கடைக்கா?"

"ஏரியில."

அண்ணன் சிரித்தான். பாலைவனத்தில் நீர் வற்றிப் பலகையாய்க் காய்ந்து கிடக்கும் ஏரியில், மாதம் ஒரு ஞாயிறு, கார் கிளப்பினர் கூடி நேர்க்கோட்டில் விரட்டி வேகம் பார்ப்பார்கள். பெண்களும் போவார்கள், வறுத்த கோழியைச் சுமந்துகொண்டு.

"கிளப்புக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, கண்ணு. கட்டினவர்தான் ஓட்டணும்."

"என்னைக் கட்டினவர் நீதானே."

"காரைக் கட்டினவர்."

"சரி. கட்டினவரே ஓட்டட்டும்."

வெர்னா இத்தனை விரைவில் 'சரி' சொன்னால் வீட்டைக் காலிசெய்துவிடுவது நல்லது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. அவன் அவளைக் கட்டியவன் மட்டும்தான். நான் அவளோடு பாத்திரம் கழுவுகிறவள்.

பாத்திரம் கழுவும்போதுதான் அவள் உண்மை பேசுவாள். போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் தகட்டு வேலை செய்தவள் அவள். போர் முடிந்ததும் மேற்பார்வையாளர் கைகுலுக்கி நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாட்டுக்காகச் சுத்தியல் பிடித்தவள் மறுநாளிலிருந்து நாட்டுக்காக வாணலி பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"எத்தனை விமானத்துக்கு நான் தகட்டுத் தோல் போட்டிருக்கேன் தெரியுமா?" என்றாள் ஒரு தட்டைத் துடைத்தபடி. "ஒண்ணுலயும் ஏறினதில்ல. இந்தக் கார்லயாவது ஏறணும், க்ளாரிஸ். பக்கத்து சீட்டுல இல்ல."

அவள் குரலில் அப்போது கிண்டல் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேலை கார்ன்ஃப்ளேக்ஸில் தொடங்கியது. தகட்டை வெட்டுமுன் அட்டையில் மாதிரி வெட்ட வேண்டும். அட்டைக்குப் பெட்டி வேண்டும். பெட்டி காலியாக வேண்டும். காலையும் மாலையும் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றோம். தேவாலயத்தில் மண்டியிட்டால் என் வயிறு மொறுமொறுத்தது.

அண்ணன் முதல் கூட்டை வெந்நீர்த் தொட்டிமேல் வைத்து வளைத்தான். பார்க்க அழகாக இருந்தது. கியர்பெட்டிமேல் கவிழ்த்தால், குண்டுப் பையனுக்குத் தம்பியின் தொப்பியைப் போட்டதுபோல் பாதியில் நின்றது.

"அளவு சரியாத்தானே எடுத்தேன்."

"வளைவு தின்னுடுச்சு," என்றாள் வெர்னா.

"எது தின்னுச்சு?"

"வளைச்சா அந்த வளைவு கொஞ்சம் தகட்டைத் தின்னும். அதுக்குன்னு விட்டு வெட்டணும். உன் சட்டைக்குத் தையலுக்குத் துணி விடாம வெட்டினா எப்படி இருக்கும்?"

"இது சட்டை இல்ல, எஃகு."

"எஃகுக்கும் பசிக்கும். அந்தக் கத்தரியைக் குடு. நான் சும்மா பிடிச்சுக்கறேன்."

சும்மா பிடித்தவள் வெட்டினாள். வெட்டியவள் வளைத்தாள். வளைத்தவள் முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கும் ஒரு கூட்டை எடுத்து கியர்பெட்டிமேல் வைத்தாள். அது பெருமூச்சுவிட்டதுபோல் படிந்து உட்கார்ந்தது. வெல்டிங் குழாயையும் சும்மா பிடித்துக்கொண்டாள். ஒரே இடத்தில் சூடு வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளும் என்று இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டு போனாள். அண்ணனை அவள் கையாண்டதும் அதே முறையில்தான். தெருவில் கேட்டவர்களிடம் அண்ணன், "வெர்னா கூடமாட ஒத்தாசை பண்றா" என்றான்.

கடைசியில் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கும் நாள் வந்தது. பெடல்கள் அந்தச் சுவரில்தான் தொங்கும். அண்ணன் எஞ்சின் பக்கம் தலைகீழாய்க் கிடந்தான். நான் விளக்கைப் பிடித்திருந்தேன்.

"யாராவது சீட்டுல உக்காந்து பெடலை மிதிக்கணும்."

"நீ உக்காரேன்," என்றாள் வெர்னா.

"நான் உக்காந்தா கோடு யாரு போடறது?"

"நான் போடறேன்."

"கோடு போடறது வேலை, கண்ணு. உக்கார்றதுக்கு ஒரு பொம்மை போதும். நீ உக்காரு."

பொம்மை உட்கார்ந்தது. தன் ஐந்தடிக்கு வாகாக இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டது. தன் காலை நீட்டி, பெடலை அடிவரை மிதித்து, "இங்கதான் நிக்குது" என்று மிக உண்மையாகச் சொன்னது. அண்ணன் கோடு போட்டான். சுவர் அங்கே எழுந்தது. கூட்டின் இடப்புறச் சரிவு அவள் கணுக்காலை ஒட்டி வளைந்து போனது. பிறகு அவள் காரைவிட்டு இறங்கிவந்து என்னைப் பார்த்துக்கொண்டே அவனிடம் பேசினாள்.

"டெல், எல்லாத்தையும் வெல்டு வச்சுப் பத்தவைக்கறதுக்கு முன்னாடி நீயே ஒரு தடவை உக்காந்து பாரேன்."

"எனக்குக் கார் சொல்லித் தர்றியா?"

"இல்லப்பா, உன் கால் கொஞ்சம் நீளம்."

"என் கால் எனக்குத் தெரியும். ஏரிக்குப் போய்த்தான் நான் அதுல உக்காருவேன். அதுவரைக்கும் உக்கார மாட்டேன். சத்தியம்."

"சரி. சீட்டைத் தரையோட பத்தவச்சுடவா?"

"வை."

அன்று சமையலறையில் அவளைக் கேட்டேன்: "அவன் ஒருவேளை உக்காந்திருந்தா?"

"அவன் ஒரு காரியத்தைச் செய்யக்கூடாதுன்னா, அதைச் செய்யச் சொன்னாப் போதும்," என்றாள். "ஆனா நான் கேட்டேன். நீ சாட்சி."

சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். ஒரு கம்பி வெளியே தெரியவில்லை. அண்ணன் அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். தன் கல்யாணத்தன்றும் அவன் முகத்தில் நான் அத்தனை கனிவைக் கண்டதில்லை.

ஏரிக்குக் காரை வேறொரு வண்டியில் ஏற்றிப் போனோம். விடியலில் அந்த வெள்ளைத் தரையும், ஃப்ளாஸ்க் காப்பியும், புழுதியில் பல்லைக் காட்டி நின்ற அத்தனை இளைஞர்களும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். கிளப் தலைவர் ஹார்லன் டெபட்ஸ், வைக்கோல் தொப்பிக்காரர், எஞ்சின் மூடியைத் திறந்து சுவரைத் தடவினார். கூட்டம் கூடியது.

"இது வெண்ணெய்டா, டெல். யாரு கட்டினது?"

"நம்ம கராஜ்லதான்," என்றான் அண்ணன், தொண்டையைச் செருமி.

பிறகு சத்தியத்தை நிறைவேற்ற ஏறினான்.

வலது கால் உள்ளே போனது. இடது கால் போக மறுத்துப் பிறகு போனது. முழங்கால்கள் காதுக்கு வந்தன. ஸ்டியரிங் அவன் வயிற்றில் ஒரு கேள்வி கேட்டது. கிளட்சை மிதிக்க முயன்றால் ஹாரன் அடித்தது. மடக்குக் கட்டிலுக்குள் மாட்டிக்கொண்டவன் வீட்டு விருந்தாளிபோல் கூட்டம் வேறெங்கோ பார்த்து நின்றது. பிறகு சிரித்தது.

"சீட்டைப் பின்னால தள்ளு," என்றான் அண்ணன், தன் முழங்காலிடம்.

"பத்தவச்சாச்சு," என்றாள் வெர்னா. அவள் சற்றுத் தள்ளி மேசைவிரிப்பை விரித்துக்கொண்டிருந்தாள். "நீதானே வைன்னு சொன்ன."

நண்பர்கள் அவனைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

"கட்டினவர் ஓட்டணும், டெல்," என்றார் டெபட்ஸ். "இல்லேன்னா வண்டியைத் திரும்ப ஏத்திக்கோ. அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கான்."

அண்ணன் காரைப் பார்த்தான். வெள்ளைத் தரையில் ஓடிய நீளக் கோட்டைப் பார்த்தான். ஓடாத காரை வீட்டுக்குக் கொண்டுபோனால் தெருவே கேட்கும். ஓட வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

"டெல், உனக்குக் கால் வேணுமா?" என்று கோழிப் பாத்திரத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டாள் வெர்னா.

"கால் பேச்சை எடுக்காதே." அவன் டெபட்ஸிடம் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லுப்பா, காத்தடிக்குது."

"நான் கட்டலைன்னேன். வெர்னாதான் கட்டினா. அளவு அவளோடது. வெட்டினது அவ. வளைச்சது அவ. வெல்டு பூராவும் அவ."

"அப்ப நீ என்ன பண்ணின?"

அண்ணன் சட்டைப் புழுதியைத் தட்டினான். "நான் முடிவு பண்ணினேன்."

இந்தமுறை வெர்னாவும் சிரித்தாள். டெபட்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சட்டத்துல பொம்பளைன்னு எதுவும் இல்லையே."

"ஆம்பளைன்னும் இல்லை," என்றேன் நான். "கட்டினவர்னுதான் இருக்கு." வரலாறு படித்ததால் எனக்கு நேர்ந்த ஒரே நடைமுறைப் பயன் அதுதான்.

வெர்னா கையைத் துடைத்தாள். ஹெல்மெட் தொளதொளவென்றிருந்தது, மேசைத் துணியொன்றை உள்ளே திணித்தாள். ஏறி உட்கார்ந்தாள். கால் நீண்டது, பெடல் இறங்கியது, எதுவும் எதிலும் இடிக்கவில்லை. கார் வெள்ளைப் புழுதியைக் கிழித்துக்கொண்டு போய் ஒரு புள்ளியானது. புள்ளியும் போய் ஓசை மட்டும் மிஞ்சியது. அண்ணன் கோபத்தில் இருப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக் காதைச் சாய்த்திருந்தான்.

"மூணாவது கியர் போட்டுட்டா," என்றான் தனக்குள். "நான் இன்னும் முன்னாடியே மாத்தியிருப்பேன். தப்பு. அவதான் சரி."

முகமெல்லாம் புழுதியோடு அவள் திரும்பி வந்தாள். அண்ணன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"காலுக்குக் கச்சிதம்," என்றாள் வெர்னா.

அடுத்த கூட்டத்தில் கிளப் தன் சட்டத்தில் 'ஆண்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அண்ணன் அதற்குக் கை உயர்த்தவில்லை என்கிறான். நான் அங்கே இல்லை. வெர்னா அந்த ஏரியில் மறுபடி ஓட்டவில்லை. கராஜில் தகட்டு வேலை எடுத்துச் செய்தாள். கிளப்பில் பாதிப்பேர் அவளிடம்தான் சுவர் கட்டிக்கொண்டு, தாங்களே கட்டியதாகச் சொல்லி ஓட்டினார்கள். இரண்டு மகள்களைப் பெற்றாள். இரண்டு முறையும் மருத்துவமனைக்குத் தானே ஓட்டிப் போனாள். எழுபத்தொன்றாம் வயதில் நுரையீரல் நோயில் இறந்தாள். அதுவரை அந்தக் காரை அவள்தான் ஓட்டினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னான், அவள் கேட்கவில்லை.