நாரிஸ் கட்டிய காரின் கட்டுமானத் தரம்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு ஒரே காரணம், பிற்காலத்தில் இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் நாரிஸ் ஹக்கர்பி என்பவர் அதன்மேல் ஒரு ஃபைபர் உடலைப் பொருத்துவார் என்பதுதான். வேறு காரணம் சொல்பவர்கள் மத்திய மாவட்ட ஃபைபர் கார் அன்பர் கழகத்தின் உறுப்பினர்கள் அல்லர். ஆகவே அவர்கள் கருத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நாரிஸின் மகள் பிரையனியும் உறுப்பினர் அல்லள். அன்று அவளுக்குக் கல்யாணம். ஒரு மணிக்குத் தேவாலயத்துக்குள் நிற்க வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி காத்திருக்கிறது, தாமதமானால் அடுத்த வசந்தம்தான் என்று பாதிரியார் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். பாதிரியார்கள் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் உண்மை.

அப்பாவின் காரில்தான் போவேன் என்று அவளேதான் கேட்டாள். கேட்டபோது நாரிஸ் சற்று வெளிறிப்போனார். மகள் பிரிந்து போகிறாளே என்ற துக்கம் அது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கம்பெனி வெறும் கூட்டை மட்டும் லாரியில் அனுப்பிவைக்கும். எஞ்சின், சக்கரம், விளக்கு எல்லாவற்றையும் காயலான் கடைக் கார்களிலிருந்து கழற்றி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இரண்டு வருஷத்தில் முடித்துவிடுவார்கள். நாரிஸுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. அவருக்கு அவசரக்காரர்களைப் பிடிக்காது. அந்தக் காரில் கதவு கிடையாது. கூரையும் கண்ணாடிகளும் சேர்ந்து ஒரே மூடியாக, சம்புடத்து மூடி மாதிரி மேலே எழும்பும். அந்த மூடிக்கும் உடலுக்கும் உள்ள இடுக்கில்தான் ஒரு மனிதனின் தகுதி தெரியும் என்பது கழகத்தின் கொள்கை. ஆண்டுதோறும் தலைவர் டெஸ்மண்ட் பார்ஜிட்டர் தம் உறுப்பினர் அட்டையை அந்த இடுக்கில் செருகிப் பார்ப்பார். ஒருவருடைய இடுக்கில் அட்டை போயிற்று. இன்னொருவருடையதில் சாண்ட்விச்சே போயிற்று. நாரிஸின் காரில் அட்டையின் மூலைகூட நுழையவில்லை. கோப்பை நாரிஸ் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது.

கல்யாண ஊர்வலத்தில் கழகத்தின் கார்கள் பின்தொடர்ந்தன. வழியில் இரண்டு கார்கள், மணமகள் மீதுள்ள மரியாதையினால் போலும், நின்றுவிட்டன. எஞ்சியவை தேவாலய வாசலை அடைந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. நாரிஸ் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்தார். அது இனிமையாக 'டக்' என்றது. மூடி எழவில்லை.

மறுபடி இழுத்தார். மறுபடி இனிமை.

"திறக்கலையாப்பா?" என்றாள் பிரையனி.

"திறக்காம என்ன. தாழ்ப்பாள் விட்டுடுச்சு பாத்தியா, என்ன சுத்தமான சத்தம்."

பிரையனி மூடியைக் கையால் தள்ளிப் பார்த்தாள். நாரிஸ் அவள் கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்தார். அதற்குள் கழகத்தார் சுற்றி நின்றுவிட்டார்கள். பக்கவாட்டு பிளாஸ்டிக் கண்ணாடியில், பார்க்கிங் சீட்டு வாங்குவதற்கென்று ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நகரும் துண்டு இருந்தது. அதன் வழியே பேச்சுவார்த்தை தொடங்கியது.

தலைவர் பார்ஜிட்டர் முதற்காரியமாக அட்டையை எடுத்து இடுக்கில் வைத்துப் பார்த்தார். போகவில்லை. போன வருஷத்தைவிட நெருக்கமாகியிருக்கிறது என்று அறிவித்தார். கழகத்தார் கைதட்டினார்கள். பிறகு ஈரப்புல்லில் மல்லாந்து படுத்து வண்டியின் அடியை ஆராய்ந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்ட டாக்டரின் வருத்தம் இருந்தது.

"நாரிஸ், கோளாறு என்னன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டிக்குள்ள ஆள் உக்காந்திருக்காங்க."

நாரிஸ் தலைகுனிந்தார்.

விஷயம் எளிமையானது. வழி நெடுக ஆள் பாரத்தில் கூடு நடுவில் லேசாகத் தொய்ந்து, வாய் குறுகி, மூடியைக் கவ்விக்கொண்டுவிட்டது. இடுக்கை அளந்து, தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்த அத்தனை வருஷமும் இருக்கைகள் காலியாக இருந்தன.

"ஒரு தடவகூட யாரையும் இதுல உக்கார வச்சுப் பாக்கலையா?" என்று கேட்டாள் பிரையனி.

"சீட் உறை கசங்கிடும்மா."

"அம்மாவை?"

"அவ கேட்டா. வண்டி முடியட்டும்னு சொன்னேன்."

பிரையனி ஜன்னல் வழியாகத் தேவாலயத்தைப் பார்த்தாள். அம்மா க்ளெனிஸ் உள்ளே முதல் வரிசையில் இருப்பாள். மாப்பிள்ளை ஓவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டிருப்பான். கூரையின் ஓரமாக ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. மனிதர் வெளியேற முடியாத அந்த இடுக்கின் வழியே மழை மட்டும் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கட்டுமானத்தின் நுணுக்கம் அப்படி.

"தலைவரே," என்று அவள் துண்டு வழியாகக் கூப்பிட்டாள், "ஜன்னலை உடைச்சிடுங்க. நேரமாச்சு."

கழகத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனியொருவர் முடிவுசெய்ய விதிகளில் இடமில்லை என்று பார்ஜிட்டர் விளக்கினார். 'அவசரப் பொதுக்குழு' அங்கேயே, குடைகளின் கீழ் கூடியது. ஒருவர் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பக்கத்து ஜன்னலை உடைப்பது என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஜன்னலைச் சுற்றியுள்ள விளிம்பு கைப்பட இழைத்தது, உடைத்தால் அதே வளைவு இனி வராது என்று ஒரு மூத்த உறுப்பினர் குரல் தழுதழுக்கப் பேசினார். மணமகளின் கருத்தையும் கேட்கலாமே என்றார் புதிதாகச் சேர்ந்த ஒருவர். அவள் சந்தா கட்டியவளா என்று கேட்கப்பட்டது. அவர் தம் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"தீர்மானத்தை எதிர்க்கிறவங்க கையைத் தூக்குங்க."

வெளியே எல்லாக் கைகளும் எழுந்தன. பிரையனியின் காதோரம் 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பாவின் கை கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.



"அப்பா."

"கொஞ்சம் பொறும்மா. மழ விட்டா கூடு சூடாகும், தானா விரியும்."

"எப்போ?"

"வெயில் வந்தா."

பிரையனி செருப்பைக் கழற்றினாள். முதுகை அப்பாவின் தோளில் சாய்த்து, இரண்டு காலையும் சேர்த்து ஜன்னலில் வைத்து உதைத்தாள். மூன்றாம் உதைக்கு ஜன்னலும் கையகல விளிம்பும் பெயர்ந்து புல்லில் விழுந்தன. கழகத்திலிருந்து எழுந்த ஓலம் தேவாலயத்துக்குள் ஆர்கன் வாசித்தவரை நிறுத்திவைத்தது.

அவள் தலையை வெளியே நீட்டியதும் உதவிக்கு ஓடிவந்தவர்கள் அவளைப் பிடித்தார்கள். பிடித்து, அப்படியே நிறுத்திவைத்தார்கள்.

"கவுனுக்குப் பின்னாடி பொத்தான் இருக்காம்மா?" என்று பார்ஜிட்டர் பரிவோடு கேட்டார். "இருந்தா முதுகு படாம திரும்பி வா. பெயின்ட்ல கீறிடும்."

அவள் பொத்தான்கள் பெயின்ட்டில் உரச, முதுகுப் பக்கமாகவே இறங்கினாள்.

அவள் பாரம் நீங்கியதும் கூடு மெல்ல மூச்சு விட்டு நிமிர்ந்தது. மூடி, யாரும் தொடாமலே, ஒரு பூ மலர்வதுபோல மேலே எழுந்தது. அதைக் கண்ட பெரியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் உடைந்த விளிம்பைக் கையில் எடுத்து, ஃபைபரின் ஐந்து அடுக்கும் ஒரே சீராக இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டினார். உடைந்தால்தான் உள்தரம் தெரியும் என்றார். நாரிஸ் அழுதார்.

பிரையனி படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வரீங்களாப்பா?"

"நீ நட கண்ணு. உள்ள தண்ணி போகுது. மூடிட்டு வந்துடறேன்."

பாதிரியார் அடுத்த ஜோடியின் நேரத்தைக் கணக்கிட்டு ஜெபங்களைச் சுருக்கி, நேராக விஷயத்துக்கு வந்தார். இந்தப் பெண்ணை அழைத்து வந்து ஒப்படைப்பவர் யார் என்று கேட்டார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பலத்த கைதட்டல் கேட்டது. மூடியை இறக்கி மறுபடி அட்டை வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது பிரையனிக்குப் புரிந்தது.

க்ளெனிஸ் எழுந்து கைப்பையை நாற்காலியில் வைத்தாள். "நான்தான் ஃபாதர். மேல சொல்லுங்க."

கழகத்தின் காலாண்டு இதழ் இந்நிகழ்ச்சியைத் தகுந்த முறையில் பதிவு செய்தது. பலத்த உட்புறத் தாக்குதலுக்குப் பிறகும் இடுக்கின் அளவு சிறிதும் மாறவில்லை என்றும், அவ்வாண்டுக் கோப்பையும் நாரிஸுக்கே என்றும் எழுதிவிட்டு, இப்படி முடித்தது: 'அன்று அந்த மழையில், எவ்வளவோ பேர் அழைத்தும், கல்யாணம் முடியும்வரை நாரிஸ் ஒரு நிமிஷம்கூடத் தம் காரை விட்டு நகரவில்லை. ஒரு தகப்பன் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?'