குவோஸ்டென் குடுத்த கடன்

தொண்ணூத்தி மூணுல நம்ம ஸ்மெடெரெவோ ஊர்ல வேலைன்னு எவனுக்கும் ஒண்ணும் இல்ல. நாட்டுல மூணு ஷிஃப்ட் ஓடுனது ஒண்ணே ஒண்ணு, நோட்டு அடிக்கிற எடம். அவங்க அடிக்க அடிக்க, ரொட்டிக்குக் காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. கோபப்படக்கூடத் தெம்பில்லாம ஜனங்க வரிசைல நின்னுச்சு.

குவோஸ்டென் தன் பழைய காரை வித்து, ஒரு பை நிறைய தினார் வச்சிருந்தான். மீன்பிடி படகுக்கு மோட்டார் வாங்கணும். டான்யூப் ஆத்துல துடுப்பு போட்டே அவன் தோள்பட்டை போயிருச்சு. மோட்டார்காரனோ மாசக் கடைசிலதான் வருவேன்னுட்டான். அதுவரைக்கும் மதிப்பு எறங்காத ஜெர்மன் மார்க் நோட்டா மாத்தி வையின்னு தெருவே சொல்லிச்சு. மாட்டேன்னுட்டான். அவன் மச்சான் கதை அப்படி. ரோட்டோரத்துல மார்க் வாங்கி வீட்ல வந்து பிரிச்சா, மேல ஒரு நோட்டு, கீழ ஒரு நோட்டு, நடுவுல பூரா நியூஸ்பேப்பர். மச்சான் பொண்டாட்டி அதைப் பிரிச்சு ராசிபலன் வேற படிச்சா. சரி, அது கிடக்கட்டும்.

அப்பத்தான் குவோஸ்டென் பொண்டாட்டி ரொசாண்டா பக்கத்துல வந்து உக்காந்தா. குளிர்காலத்துக்குப் பன்னி வாங்கணும், அந்தப் பணத்தைக் கடனாக் குடு, மாசக் கடைசில தந்துடறேன்னா.

கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவகிட்ட ஒருதரம்கூட குவோஸ்டென் ஜெயிச்சதில்ல பாவம். இந்தத் தடவை விடறதில்லன்னு நிமிந்து உக்காந்தான்.

"விலை ஏறுதில்ல, வட்டியும் ஏறும். பொண்டாட்டின்னு பாக்க மாட்டேன். மாசத்துக்கு நூத்துக்கு அம்பது."

"கல்நெஞ்சுய்யா உனக்கு," பெருமூச்சு விட்டா ரொசாண்டா. "சரி, குடு."

அவ பேரம் பேசாதப்பவே அவன் முழிச்சிருக்கணும். அவனோ வட்டிக் காசுல புது வலை வாங்கறதா கனவு கண்டான்.

பன்னி வந்துச்சு. அக்கம்பக்கமெல்லாம் கூடி அறுத்தாங்க. கொழுப்பு ஜாடி ஜாடியா நின்னுச்சு, தொடையெல்லாம் புகையில தொங்குச்சு. மாசக் கடைசில ரொசாண்டா அந்தப் பன்னிக்கறில பண்ணுன ரெண்டே ரெண்டு சாசேஜை அன்னைக்கு விலைக்குச் சந்தைல வித்தா. வந்து அசலும் வட்டியும் ஒரு தினார் குறையாம மேஜைல வச்சா.

குவோஸ்டென் அதைப் பையில அள்ளிட்டுப் போனப்ப மோட்டார்காரன் உள்ள எட்டிப் பாத்தான். பாவம், அவனுக்குச் சிரிக்கக்கூட அலுப்பு. இன்னைய விலைக்கு இதுல ரெண்டு ஸ்க்ரூ வரும், தரட்டுமான்னு கேட்டான்.

குவோஸ்டென் தோளைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தான். தொங்கற தொடைகளையே கொஞ்ச நேரம் பாத்தான். அதுல ரெண்டைக் கடனாக் குடேன், மோட்டாருக்கு முன்பணமாவது ஆகும், நீ கேக்கற வட்டி போட்டுத் தர்றேன்னு மெதுவாக் கேட்டான்.

"வட்டியே வேணாம்யா, நீ என் புருஷன்," கத்தியைத் துடைச்சுக்கிட்டே சொன்னா ரொசாண்டா. "ஆனா திருப்பித் தர்றப்ப தினாராக் குடுக்காத, தொடையாக் குடு."