இருபத்தொரு கடல் பொறியாளர்களைச் சேற்றில் நிறுத்தியவள்

கடல் பொறியாளர்கள் இருபத்தொரு பேரை, பட்டப்பகலில், ஐந்து மணி நேரம் சேற்றில் சிக்கவைத்தவள் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. போர்ட் பிளேரில் வேறு யாராவது சொன்னால் ஐந்து மணி நேரம் எட்டாகிவிடும், கூடவே ஒரு முதலையும் வந்துவிடும். (முதலை வரவில்லை. 'முதலை உண்டு' என்ற பலகைதான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.)

நான் படித்தது பி.காம். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்பாக இருக்கும் என்பதுதான். ஆனாலும் கடல்சார் பொறியாளர் சங்கம் ஒன்றின் அந்தமான் கிளைக்கு நிர்வாகச் செயலாளராக இருந்தேன். ஹேடோவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பீரோ, நான். உறுப்பினர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள். கப்பல் அணையும் ஜெட்டி கட்டுகிறவர்கள், அலைதடுப்புச் சுவர் எழுப்புகிறவர்கள், கடலுக்கு அடியில் கேபிள் போடுகிறவர்கள். ஆனால் படிவத்தில் 'இங்கே கையெழுத்திடவும்' என்று போட்டிருந்தால் அங்கே ஊர் பெயரை எழுதி அனுப்புவார்கள். அதனால் நான் இல்லாவிட்டால் இந்தச் சங்கமே மூழ்கிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. நினைப்பு என்றால் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று யாராவது சொன்னால்கூட, எழுத்துமூலம் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு.

எங்கள் தீராத வியாதி பொதுக்குழுக் கூட்டம். குறைந்தது இருபது உறுப்பினர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இரண்டு வருடங்களாக அது கூடவில்லை. வருவார்கள், டீ குடிப்பார்கள், ஒரு போன் வரும், போய்விடுவார்கள். தீர்மானம் போடும் நேரத்தில் தலைவர் தேவசகாயம் சாரும் நானும் மிச்சமான சமோசாக்களும் மட்டும் இருப்போம். தேவசகாயம் சார் நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

மூன்றாவது வருடம் சென்னைத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. இந்த முறையும் ஆள் சேராவிட்டால் கிளையை மூடிச் சென்னையோடு சேர்த்துவிடுவார்களாம். பார்வையிடத் தலைமையகத்திலிருந்து ரங்கநாயகி மேடம் நேரில் வருகிறார். கிளை மூடினால் என் நாற்காலியும் போகும். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு திட்டம் போட்டேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராதவர்கள் படகுப் பயணத்துக்கு வருவார்கள். காலையில் சாத்தம் ஜெட்டியில் படகு ஏறி, அலையாத்திக் காட்டுக்குள் போகும் ஒரு உப்பங்கழியில் பழைய ஜெட்டியைப் பழுதுபார்க்கும் வேலையைப் பார்ப்பது. பன்னிரண்டுக்குத் திரும்பி, ஹாலில் பிரியாணி. இரண்டு மணிக்குப் பொதுக்குழு. பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் இருக்க ஹால் கதவுக்கு வெளியே நானே நாற்காலி போட்டு உட்காருவதாக ஏற்பாடு.

சுற்றறிக்கை அனுப்பினேன். 'காலை 10.40க்குக் கடல் ஏற்றம் உச்சம் என்பதால் உறுப்பினர்கள் தாமதமின்றி வரவும்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது நானே ஒரு பொறியாளர் மாதிரி இருந்தது எனக்கு.

சொன்னபடி இருபத்தொரு உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்களைத் தவிர ரங்கநாயகி மேடமும் படகில் ஏறினார். ஹட் பேயிலிருந்துகூட இரண்டு பேர் முந்தின நாளே கப்பல் ஏறி வந்திருந்தார்கள். கையில் வருகைப் பதிவேட்டோடு படகின் முன்பக்கம் நின்றேன். கழியின் வாய்க்கு வந்ததும் படகை ஓட்டிய முருகேசன் இன்ஜினைக் குறைத்தார். கச்சால் தீவில் பிறந்து வளர்ந்தவர். இந்தத் தண்ணீரிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர்.

"மேடம், பாணி வத்திக்கிட்டிருக்குங்க, தண்ணி எறங்குது. இப்ப உள்ள போனா வெளிய வர முடியாது."

 சுற்றறிக்கையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டி, 10.40 என்ற இடத்தில் விரலை வைத்தேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த இருபத்தொரு பொறியாளர்களைப் பார்த்தார். "இத்தனை இன்ஜினியர் சாப் லோக் இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டார்.

கால் மணி நேரம் அழகாகப் போனது. பிறகு அடியில் யாரோ பாயை இழுப்பது போல ஒரு சத்தம். படகு நின்றது. முருகேசன் பின்னால் எடுத்துப் பார்த்தார், மூங்கிலால் தள்ளிப் பார்த்தார். கடைசியில் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். அந்தப் பீடியைப் பார்த்ததும்தான் படகு இப்போதைக்கு நகராது என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் கண்ணெதிரே தண்ணீர் இறங்கியது. வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. படகு மெல்ல இடப்பக்கம் சாய, எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். இறங்கி நடக்கலாம் என்றால் முழங்கால் புதையும் சேறு. கரையில் அந்த முதலைப் பலகை.

தேவசகாயம் சார் செல்போனில் அலைநேர அட்டவணையைத் தேடினார். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் கிடைத்தது. அன்றைக்கு ஏற்றம் காலை ஏழு மணிக்கே முடிந்துவிட்டதாம்.

"பத்து நாப்பதுன்னு எங்கேருந்தும்மா எடுத்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எந்தச் சுற்றறிக்கையையும் புதிதாக எழுதியதே இல்லை. போன வருடக் கடிதத்தைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், அனுப்புவேன். போன வருடமும் இதே பயணத்துக்குக் கடிதம் போட்டு, மழையால் ரத்து செய்திருந்தோம். நான் தேதியை மாற்றினேன். கடல் ஏற்றத்தை மாற்றவில்லை. (அது வருடா வருடம் மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?)

பொய் சொல்ல ஒரு நிமிடம் யோசித்தேன். அச்சுப் பிழை என்று சொல்லலாம், கம்ப்யூட்டர் மேல் போடலாம். ஆனால் ரங்கநாயகி மேடம் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாய்ந்த பெஞ்சிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன். "அது போன வருஷத்து நேரம் சார். நான் மாத்தல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

 தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கடுதாசிய நாம இருபத்தொரு பேரும் வாசிச்சோம். கடல்லயே சோறு திங்கிற ஆளுங்க. ஒருத்தருக்காவது அட்டவணையப் பாக்கத் தோணிச்சா?"

மற்ற இருபது பேரும் அலையாத்தி மரங்களை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்கள்.

சிரித்தது மேடம்தான். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்து, பதிவேடு கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வந்திருப்பவர்கள் எல்லாரும் சம்மதித்தால் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் மாற்ற விதி இருக்கிறதாம். "இவங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்திருக்கிற இடம் உங்களுக்கு இனி கிடைக்குமா?" என்றார்.

எல்லாரும் சம்மதித்துக் கூட்டம் தொடங்கும் நேரத்தில்தான் அந்த டிங்கி வந்தது. மீன்காரர் ஒருவர் ஒடுங்கிய சிறு தோணியில், பக்கத்தில் மிச்சமிருந்த ஓடைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளலாம் என்றார். உடனே இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவருக்கு மூன்று மணிக்கு மெயின்லேண்ட் விமானம், அவரைத் தடுக்க முடியாது. அவர் போனால் சரியாக இருபது. இன்னொருவர் பிஸ்வாஸ் பாபு. அவருக்குப் பசி, வேறொன்றுமில்லை. அவர் போனால் பத்தொன்பது.

என் பையில் என் மதியச் சாப்பாடு இருந்தது. தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். (ஹால் பிரியாணியை நான் நம்பவில்லை.) டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "பாபு, பைட்டியே. கானா காயியே" என்றேன். உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்பதற்கு மேல் கெஞ்ச என் ஹிந்தியில் வார்த்தை இல்லை. அவர் டிங்கியைப் பார்த்தார், ஊறுகாயைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நடந்தது எங்கள் கிளையின் வரலாற்றிலேயே ஒழுங்கான பொதுக்குழு. ஒவ்வொரு தீர்மானத்தையும் நான் வாசித்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கி வாக்களித்தார்கள். யாருக்கும் போன் வரவில்லை. வெளிநடப்பு செய்வேன் என்று பழக்கதோஷத்தில் எழுந்த ஒருவர், சேற்றைப் பார்த்துவிட்டு ஆட்சேபணையை வாபஸ் வாங்கினார். புதிய நிர்வாகிகள் தேர்வானார்கள். என் பதவியையும் நீட்டித்தார்கள். அதற்கு மட்டும் பிஸ்வாஸ் பாபு இரண்டு கைகளையும் தூக்கினார். கணக்கில் ஒன்றாகத்தான் எடுத்தோம்.

நடவடிக்கைக் குறிப்பில் இடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். நடந்ததை எழுதச் சொன்னார் மேடம். 'தரைதட்டிய படகு' என்று எழுதினேன். அதற்கும் இருபது கையெழுத்து வாங்கினேன்.

மூன்றரைக்குப் படகு தானாக நிமிர்ந்தது. முருகேசன் இன்ஜினைக் கிளப்பினார். சாத்தத்தில் இறங்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க. அடுத்த தடவ காகிதத்த எனக்கு முதல்ல காட்டுங்க" என்றார். அன்று முதல் அப்படித்தான் செய்கிறேன்.

ஜெட்டியில் என் கணவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். விமானத்துக்குப் போன உறுப்பினர் பத்துபஸ்தியில் என் கணவர் நடத்தும் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறார். விஷயம் எனக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட்டது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் வாசலிலேயே காத்திருந்தாள். மறுநாள் காலையில் பள்ளி வேன் ஏழரைக்கு வரும் என்று நான் சொன்னதும், "இந்த வருஷத்து ஏழரையாம்மா?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்த நேரத்தைச் சொன்னாலும், பால் வரும் நேரமோ டாக்டர் பார்க்கும் நேரமோ, அது எந்த வருஷத்தது என்று கேட்காமல் யாரும் அசைவதில்லை.

போன மாதம் அதே மகளுக்குச் சம்பந்தம் பேச மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல நாள் பார்த்து நான் முகூர்த்த நேரத்தை வாசித்தேன். மாப்பிள்ளையின் அப்பா, என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர், வெற்றிலைத் தட்டைப் பணிவாக நகர்த்திவிட்டுக் கேட்டார்: "இது இந்த வருஷத்து முகூர்த்தம்தானுங்களே சம்பந்தியம்மா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  நான் பஞ்சாங்கத்தை மூடி, அட்டையில் போட்டிருந்த வருஷத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.